நீரிழிவுடைய சிறுவரும் பாடசாலையும்

நீரிழிவு என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் எழுவது நடுவயது கடந்த ஒருவரது தோற்றமேயாகும். விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி விரைந்து நடப்பவரும், விருந்தில் இலையிற் பாயசம் விழாதபடி கையால் மறைப்பவரும், காப்பியிற் சர்க்கரை வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லி வைப்பவருமே இந்நோய்க்கு உரியவர் என்று நாம் கருதி வருகின்றோம். இதன் பிறிதொரு வகை ஆறு வயதுச் சிறுமியையும் பத்து வயதுச் சிறுவனையும் பற்றுவது என்பதும், பற்றியபின் வாழ்நாள் முழுதும் நீங்காது உடனிருப்பது என்பதும் பலர் அறியாதவை. அத்தகைய சிறுவர் நாள்தோறும் ஏழெட்டு மணி நேரத்தைப் பாடசாலையிற் கழிக்கின்றனர். அந்நேரத்தில் அவர்க்குத் தாயும் வைத்தியரும் அருகில் இரார்; உபாத்தியாயரே இருப்பர். நம் கல்லூரியிற் கற்று வெளியேறுவோருட் பலர் உபாத்தியாயராதலானும், ஏனையோரும் பின்னாளிற் பெற்றோராய்ப் பாடசாலை வாயிலில் நிற்பாராதலானும், இப்பொருளைக் குறித்துச் சிறிது விரிவாக எழுதத் துணிந்தேன்.

நாம் உண்ணும் சோறு, இட்டலி, பழம் முதலியன ஜீரணமாகிச் சர்க்கரையாய் மாறி இரத்தத்திற் கலக்கின்றன. அச்சர்க்கரை உடம்பின் உயிரணுக்களுக்குட் சென்றாலன்றி நமக்கு வலிமையாகப் பயன்படாது. அதனை உட்புகச் செய்யுந் திறவுகோல் போன்றது இன்சுலின் என்னும் சுரப்புநீர். இரைப்பையின் பின்னே கிடக்குங் கணையத்தில், கடலிடைத் தீவுகள் போலச் சிதறியுள்ள சிறு அணுக்கூட்டங்கள் அதனைச் சுரக்கின்றன. 1869-ஆம் ஆண்டில் அத்தீவுகளை முதன்முதற் கண்டெழுதியவர் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானியர். அப்பொழுது அவர் மாணாக்கரே. தீவு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றே இன்சுலின் என்னும் பெயரும் பிறந்தது. முதியோர்க்குப் பெரும்பாலும் வருகின்ற நீரிழிவில் இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்குச் செவ்வனே இணங்குவதில்லை. சிறுவர்க்குப் பெரிதும் வரும் முதல் வகை நீரிழிவிலோ, நோய்க்கிருமிகளை எதிர்த்தற்கென அமைந்த உடம்பின் காவற்படையே தன்னவரென்று அறியாமல் அத்தீவுகளைத் தாக்கி அழித்துவிடுகின்றது. சுரப்பு அறவே குன்றுகின்றது. ஆதலின், மிட்டாய் மிகுதியாகத் தின்றமையால் வந்ததென்று பிள்ளையைப் பழிப்பதும், செல்லங் கொடுத்துக் கெடுத்தாளென்று தாயைப் பழிப்பதும் அறியாமையேயாம். இது தொற்றுநோயும் அன்று. பக்கத்திலிருப்பவனுக்கு ஒட்டிக்கொள்ளுமென்று அஞ்சிப் பிள்ளையை வேறு பலகைக்கு மாற்றுவார்க்கு இவ்வுண்மையை எடுத்துச் சொல்லல் வேண்டும்.

சுரப்பு அற்றவிடத்து அதனை வெளியினின்று கொடுத்தலன்றி வேறு வழியில்லை. மாத்திரையாக விழுங்கினால், இன்சுலின் ஒரு புரதப் பொருளாதலால், பருப்பும் முட்டையும் போல வயிற்றில் ஜீரணமாய்ப் போம். ஆகவே தோலின் கீழ் ஊசிவழியாகவே அதனைச் செலுத்துகின்றனர். 1922-க்கு முன் இம்மருந்து இல்லை. அக்காலத்து வைத்தியர் செய்யக்கூடியதெல்லாம் பிள்ளையைப் பட்டினியிட்டுச் சில மாதங்களோ, இரண்டொரு வருஷங்களோ நாளைக் கடத்துவதே. கனடா தேசத்து டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர், மாக்ளியாட் என்பாரது ஆய்வுச்சாலையில், 1921-ல் நாய்களின் கணையத்தினின்று இச்சாரத்தைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11-ஆம் நாள் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதற் செலுத்தப்பட்டது. சாரம் தூயதாக இல்லாமையால் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. கோலிப் என்பவர் அதனைத் தூய்மை செய்தளித்தபின் ஜனவரி 23-ல் மீண்டும் ஊசியிட்டனர். சர்க்கரை இறங்கியது, சிறுவன் எழுந்தான். அதன்பின் அவன் 13 வருஷம் வாழ்ந்தான். சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-ல் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவொன்று தொடங்கினார். இன்று இந்நோயுடைய சிறுவரை மிகுதியாகக் கொண்ட நாடுகளுள் நம் நாடும் ஒன்று.

இவ்வரலாற்றை இங்கே கூறியதற்குக் காரணமுண்டு. கஷாயத்தாலும் சூரணத்தாலும் இதனை வேரோடு களைவோம் என்று விளம்பரஞ் செய்வோர் இன்றும் உளர். முதியோர்க்கு வரும் வகையிற் பத்தியமும் மூலிகையும் என்ன செய்யும், என்ன செய்யா என்பதைப் பற்றி வாதிக்க இங்கு இடமில்லை. முதல் வகையில் வாதத்திற்கே இடமில்லை. இன்சுலினை நிறுத்தினால் பிள்ளையின் உயிர் சில நாட்களுக்குள் ஊசலாடும். 1922-க்கு முன் நிகழ்ந்ததே மீண்டும் நிகழும்.

நிற்க. பாடசாலையில் முதலிற் கவனிக்கற்பாலது நோயின் தொடக்கம். அதனைப் பெற்றோரினும் முன்னதாகக் காணும் வாய்ப்புச் சில சமயங்களில் உபாத்தியாயருக்கே கிடைக்கின்றது. வகுப்பு நடக்கையில் வெளியே போக அடிக்கடி உத்தரவு கேட்கும் பிள்ளை, தண்ணீர்ப் பானையை விட்டு அகலாத பிள்ளை, நன்கு உண்டும் சில வாரங்களிற் சட்டை தொளதொளவென்று தொங்குமாறு மெலியும் பிள்ளை, விளையாட்டில் முந்தி நின்று இப்பொழுது சுவரோரம் சாய்ந்திருக்கும் பிள்ளை — இவர்களைக் கண்டால் சோம்பல் என்றோ பாடத்தைத் தட்டிக்கழிக்குஞ் சூழ்ச்சி என்றோ முடிவு கட்டலாகாது. இரத்தத்திற் சர்க்கரை வரம்பு மீறியபொழுது சிறுநீரகம் அதனை நீரோடு வெளியேற்றுகின்றது. நீர் போகப் போகத் தாகம் எடுக்கின்றது. உண்டது உடம்பிற் சேராமையால் தசையும் கொழுப்பும் கரைகின்றன. படுக்கையை நனைக்கும் வழக்கத்தை விட்டு வருஷங்கள் கழிந்த பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்குவதும் இதன் குறியே. அதனை வீட்டார் வெளியிற் சொல்ல நாணுவர். இக்குறிகளைக் கண்டு காலந்தாழ்த்தாது பெற்றோரை அழைத்து, விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொன்னால் அன்றே உண்மை தெரிந்துவிடும். தாழ்த்தினால் கொழுப்புக் கரைவதாலுண்டாகும் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் மிகும். அப்பொழுது வாந்தியும் வயிற்றுவலியும் ஆழ்ந்த மூச்சும் தோன்றும். மூச்சில் அழுகிய பழத்தின் மணம் வீசும். இதனை அஜீரணம் என்றும் இளைப்பு என்றும் மயங்கி மருந்து கொடுத்துப் பொழுதைப் போக்கியதனால் மாண்ட பிள்ளைகள் உண்டு.

இனி, நோய் இன்னதெனத் தெரிந்து, ஊசி இட்டு வரும் பிள்ளையின் பாடசாலை நாள் எவ்வாறு நடக்கின்றது என்று பார்ப்போம். நோயில்லாதவனுக்குக் கணையம் கேளாமலே கணக்குச் செய்கின்றது. இரண்டு இட்டலி உண்டால் அதற்கேற்பவும், ஓடினால் அதற்கேற்பவும் சுரப்பைக் கூட்டுகின்றது, குறைக்கின்றது. இப்பிள்ளையோ, அன்றி இப்பிள்ளைக்காக ஒருவரோ, அக்கணக்கை நாள்தோறும் பலமுறை செய்தாக வேண்டும். உணவு, ஊசி, உழைப்பு என்னும் மூன்றும் தம்முள் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று பிசகினால் மற்றிரண்டும் தீங்காய் முடியும்.

ஊசிமருந்திற் பல வகையுண்டு. நாள் முழுதும் மெல்லச் செயற்படுவதொன்று. ஆகாரத்திற்குச் சிறிது முன் இட்டுக் கால்மணி நேரத்திற் செயற்படத் தொடங்கி மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் ஓய்வது மற்றொன்று. இவ்விரண்டையும் கொள்ளும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு நான்கு ஊசியாயினும் வேண்டும். அவற்றுள் மதிய ஊசி பாடசாலையிலேயே இட வேண்டியது. இருவகை மருந்தைக் கலந்து காலையும் மாலையும் மாத்திரம் இடும் பழைய முறையும் பல குடும்பங்களில் வழங்குகின்றது. மதியத்தில் ஊசி இல்லையாதலால் இம்முறை பாடசாலைக்கு எளிதென்று தோன்றும். உண்மையில் இதுவே உபாத்தியாயரின் விழிப்பை மிகுதியாக வேண்டுவது. என்னை? காலையில் இட்ட கலவையின் ஒரு பகுதி முற்பகலிலும் மற்றொரு பகுதி நண்பகலிலும் வலுப்பெற்று எழும். பதினொரு மணி இடைவேளையில் சிறிதுண்டியும், குறித்த நேரத்தில் மதிய உணவும் அப்பிள்ளை வயிற்றிற் சென்றே தீர வேண்டும். மருந்து ஏற்கனவே உள்ளே போய்விட்டது; அதனைத் திரும்ப எடுக்க இயலாது. விழாவுக்குத் தலைமை வகிக்கும் பெரியவர் ஒரு மணி நேரம் தாமதித்து வந்து, அவர் பேசி முடியுமளவும் பிள்ளைகளை வெயிலிலோ பந்தலிலோ அமர்த்தி வைப்பது நம் பாடசாலைகளிற் புதிதன்று. மற்றைப் பிள்ளைகளுக்கு அது பசி. இப்பிள்ளைக்கு அது மயக்கம். ‘இடைவேளைக்கு வெளியே போகாதே’ என்று வகுப்பில் நிறுத்தி வைக்குந் தண்டனையும், ‘மைதானத்தை மூன்று முறை சுற்றி ஓடு’ என்னுந் தண்டனையும் இக்காரணத்தாலேயே இவர்க்கு ஒருபொழுதும் ஆகா. ஏனையோர்க்கும் அவை வேண்டாமென்பது என் எண்ணம்.

காலை உணவைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிற்று. ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் முதலியன பாடசாலையிலேயே கிடைக்கின்றன. இஃது அருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நீரிழிவுடைய பிள்ளைக்கு இதனால் ஊசியின் நேரம் மாறுகின்றது. வீட்டில் ஏழு மணிக்கு ஊசியிட்டுக்கொண்டு, எட்டரை மணிக்குப் பாடசாலையில் உண்ணலாமென்று பிள்ளை புறப்பட்டால், வழியிலேயே சர்க்கரை விழுந்துவிடக்கூடும். வீட்டில் ஒருமுறை உண்டு, தோழரோடு மறுமுறையும் உண்டால் அதற்கு ஊசியில்லை, சர்க்கரை ஏறும். எங்கு உண்பது, எங்கு ஊசியிடுவது என்பதைத் தாயும் தலைமையாசிரியரும் பேசி ஒன்றாக வரையறுத்துக்கொள்வதே தக்கது.

மதிய உணவிற் கணக்கு இன்னும் நுட்பமானது. சமைத்த சோறு 100 கிராமில் மாவுச் சத்து ஏறக்குறைய 28 கிராம் உண்டு. ஒரு பிள்ளைக்கு 15 கிராம் மாவுச் சத்துக்கு 1 யூனிட் இன்சுலின் என்று வைத்தியர் விகிதம் வகுத்திருக்கின்றார் எனக் கொள்வோம். அவன் 200 கிராம் சோறு உண்டால் 56 கிராம். சாம்பாரிலுள்ள பருப்பையுஞ் சேர்த்து 60 கிராம் என்று கொண்டால் 4 யூனிட் வேண்டும். நான்கு யூனிட்டை இட்டுக்கொண்டு, பந்தாட்டத்திற்கு நேரமாயிற்றென்று பாதிச் சோற்றைக் கொட்டிவிட்டு ஓடுகின்றான். 2 யூனிட் மிகையாகின்றது. ஓட்டமும் அதனோடு சேர்ந்துகொள்கின்றது. அரைமணியில் மைதானத்தில் விழுகின்றான். இவ்விகிதம் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். ஒரே பிள்ளைக்கும் வயதால் மாறும். ஆகையால் உபாத்தியாயர் கணக்குச் செய்ய முற்பட வேண்டா. பாத்திரம் காலியாயிற்றா என்று பார்த்தாலே போதும்.

சர்க்கரை தாழ்தலே பாடசாலையில் உடனடியாக நேரக்கூடிய ஆபத்தாதலின் அதனைச் சிறிது நின்று கூறுவேன். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழ்ச் சர்க்கரை குறைந்தால் அது தாழ்நிலை. 54-க்குக் கீழ்ப் போனால் மூளைக்கே உணவு போதாமற் போம். முதலில் வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், முகம் வெளுக்கும். பின்னர் பார்வை ஓரிடத்தில் நிலைக்கும், எழுத்து கோணும், அமைதியான பிள்ளை காரணமின்றி அழும், அன்றி எரிந்து விழும், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை சொல்லும். அடங்காமை என்று தோன்றுவது அடங்காமையன்று. காலை வழிபாட்டின்போது வெயிலில் நின்று மயங்கி விழும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம்; நிழலிற் கிடத்தி முகத்தில் நீர் தெளித்தாற் பெரும்பாலோர் தெளிவர். இப்பிள்ளை அவ்வாறு தெளியான்.

அக்குறிகளைக் கண்டவுடன் கருவி கையிலிருந்தால் சோதிக்கலாம். இல்லையெனில் சோதனைக்குக் காத்திராமற் சர்க்கரை கொடுத்தலே முறை. விரைந்து இரத்தத்திற் கலப்பதாய் இருத்தல் வேண்டும். குளுக்கோஸ் பொடியோ வெள்ளைச் சர்க்கரையோ நீரிற் கரைத்துக் கொடுத்தல் நன்று. வளர்ந்த பிள்ளைக்கு 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி. சிறியவர்க்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.3 கிராம் என்ற கணக்கில் 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 6 கிராம் போதும். சாக்கலேட்டும் பால்கோவாவும் இச்சமயத்திற்கு உதவா; அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிஷங் கழித்து மறுபடி சோதித்து, ஏறவில்லையெனின் மீண்டும் அவ்வளவே கொடுக்க வேண்டும். தேறியபின் அடுத்த ஆகாரத்திற்கு நேரமிருந்தால் இரண்டு பிஸ்கோத்தோ ஒரு சிறு வாழைப்பழமோ தரலாம். அந்நேரம் முழுதும் பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ‘ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வா’ என்று தனியே அனுப்புதல் கூடாது. மாடிப்படியில் விழுந்தால் யார் காண்பார்?

நினைவிழந்து விட்டாலோ, வலிப்புக் கண்டாலோ வாயில் யாதொன்றும் ஊற்றலாகாது. தண்ணீர் ஒரு மிடறும் மூச்சுக் குழலிற் புகுந்து உயிரைக் குடிக்கும். ஒருக்களித்துக் கிடத்தி, கிடைக்குமாயின் குளுக்ககான் என்னும் ஊசியை இடவேண்டும். இது கல்லீரலிற் சேர்ந்துள்ள சர்க்கரையை வெளிக்கொணர்வது. எடை 25 கிலோவுக்குக் குறைந்தவர்க்கு அரை மில்லிகிராம், மேற்பட்டவர்க்கு 1 மில்லிகிராம். அஃதில்லையேல் 108-க்குத் தொலைபேசியிற் சொல்லி வண்டியை வரவழைப்பதே வழி. அவ்வேளையில் இன்சுலின் ஊசியைத் தேடி எடுத்து இடுவாரும் உளர். ‘சர்க்கரை நோய்க்காரன் மயங்கினான், சர்க்கரை ஊசி போடு’ என்பது அவர் கருத்து. விழுந்தவன் மேலும் ஆழத்தில் வீழ்வான்.

சர்க்கரை ஏறுதல் இத்துணை விரைவாக இன்னல் விளைப்பதன்று. தாகமும் சோர்வும் மிகும். தண்ணீர் குடிக்கவும் வெளியே போகவும் தடையிருத்தலாகாது என்பதே வகுப்பில் வேண்டப்படுவது. பொதுவான விதியைக் காட்டி இதனை மறுத்தல் கொடுமை. ஏற்றத்தோடு வாந்தியுஞ் சேர்ந்தால் மாத்திரம் மருத்துவமனைக்கு அனுப்பத் தாமதிக்கலாகாது.

தேகப்பயிற்சியினின்று இப்பிள்ளைகளை விலக்கி மரத்தடியில் உட்கார வைப்பது பலவிடத்தும் வழக்கமாயிருக்கின்றது. இஃது அன்பினால் வரும் தவறு. ஓட்டமும் பந்தாட்டமும் இவர்க்கு மிக்க நன்மை செய்வன. தொடங்குமுன் சோதித்து, தாழ்ந்திருந்தாற் சிறிது உண்டு, சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டு ஆட வேண்டும், அவ்வளவே. 250-க்கு மேலேறிக் கீட்டோனும் தோன்றியிருந்தால் அன்று மாத்திரம் ஓய்வு.

மருந்தைக் காத்தல் நம் வெயிலில் ஒரு தனிக் கலை. திறவாத குப்பியை 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் வைத்தல் வேண்டும். உறையவிட்டாற் பயனற்றுப் போம். திறந்ததை அறையின் சூட்டில், 30 டிகிரிக்கு மேற்படாமல், ஏறக்குறைய நான்கு வாரம் வைத்துக் கொள்ளலாம். சித்திரை வெயிலில் நம் வகுப்பறைகள் அவ்வளவில் நிற்பதில்லை. குளிர்ப்பெட்டி இல்லாத பாடசாலையில் ஒரு மண்பானையுள் நீரூற்றி, அதனுள் நனையாதபடி மூடிய சிறு பாத்திரத்தில் மருந்தை வைத்து நிழலில் இருத்தினால் சூடு பல டிகிரி தணியும். ஓட்டுக்கூரையின் கீழ்ச் சன்னலோரம் வைத்த புத்தகப் பையில் மருந்தை வைத்தலாகாது. மற்றொரு செய்தி இதனினும் முக்கியமானது. நம் நாட்டிற் குப்பியில் வரும் இன்சுலின் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இருவகைப்படும்; ஊசிக்குழலும் அவ்வாறே, 40-க்குரியது சிவப்பு மூடியும் 100-க்குரியது ஆரஞ்சு மூடியும் உடையது. 100 யூனிட் மருந்தை 40-க்குரிய குழலில் 10 என்னும் கோடுவரை இழுத்தால் உள்ளே வருவது 25 யூனிட்! பேனாவைப் போன்ற கருவியிற் கணக்கைத் திருகி இடுவோர்க்கு இத்தொல்லை குறைவு. பாடசாலையில் மாற்றுக்குழல் வாங்கி வைப்போர் இதனைக் கருத்திற் கொள்க. பயன்பட்ட ஊசிகளைக் குப்பைத் தொட்டியில் எறியாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் இட்டு வீட்டிற்கு அனுப்ப வேண்டும். துப்புரவு செய்வோர் கையும் கைதானே.

இவையெல்லாம் செய்யக்கூடியவையே. செயற்கரியது ஒன்றுண்டு; அது மறைப்பை நீக்குதல். பெற்றோர் பலர் பிள்ளைக்கு நோயுண்டென்பதைப் பாடசாலைக்குச் சொல்வதில்லை. பெண்பிள்ளையாயின் நாளை மணம் பேச வருவோர் செவிக்கு எட்டுமே என்னும் அச்சம் ஊரறிந்தது. அவர்களை எளிதிற் குறைகூற எனக்கு மனம் வரவில்லை; எட்டினால் நேர்வது இன்னதென்பதை அவர்கள் கண்டே அஞ்சுகின்றனர். ஆயின் அதன் விலையைக் கொடுப்பது பிள்ளை. கழிப்பறையில் நின்று ஊசியிட்டுக் கொள்கின்றாள். தோழியர் பார்ப்பரென்று மதிய ஊசியை விட்டுவிடுகின்றாள். நடுக்கம் வந்தும் சர்க்கரையை எடுத்து வாயிலிட நாணுகின்றாள். அமெரிக்க நாட்டு வெளியுறவு அமைச்சராயிருந்த சார்லஸ் ஹியூஸ் என்பாரின் மகள் எலிசபெத், 11 வயதில் நோயுற்று, பட்டினியால் எலும்புந் தோலுமாய், 1922 ஆகஸ்டில் டொராண்டோ சென்று இன்சுலினால் உயிர் பெற்றவர். 1981 வரை வாழ்ந்தார். ஆயினும் தம் நோயை ஆயுள் முழுவதும் பிறரறியாமலே மறைத்தார். அத்தகைய செல்வமும் செல்வாக்கும் உடைய வீட்டிலேயே அவ்வாறாயின் நம்மூர்ப் பெண்ணின் நாணத்தைச் சொல்வதென்ன?

ஆகவே சொல்லும்படி பெற்றோரைத் தூண்டுவதற்கு முன், சொன்னாற் கேடில்லை என்னும் நம்பிக்கையைப் பாடசாலை உண்டாக்க வேண்டும். ஊசியிட ஒரு தூய இடம். அது கழிப்பறையாய் இருத்தலாகாது. வகுப்பிலேயே இட்டுக்கொள்ள விரும்பும் பிள்ளைக்குத் தடையும் இருத்தலாகாது. வகுப்புத் தோழருக்கு எவ்வளவு தெரிவிப்பது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்; ஒரு நண்பனாவது அறிந்திருத்தல் நலம். பிறந்தநாள் மிட்டாய் வழங்கும்பொழுது ‘உனக்கு வேண்டாம், நீ சர்க்கரைக்காரன்’ என்று பலரறியக் கூறிக் கடந்து போதல் வேண்டா; ஊசியின் அளவோடு அவனும் உண்ணலாம், அன்றி வீட்டிற்குக் கொண்டு போகலாம். பாண்டிங் பிறந்தது 1891 நவம்பர் 14. அந்நாளே உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடப்படுகின்றது. நம் நாட்டில் அதுவே குழந்தைகள் தினமும் ஆதலால், மிட்டாய் மிகுதியாக வழங்கப்படும் நாளும் அதுவேயாயிற்று!

அதிகாரிகளும் சிறிது சிறிதாகக் கண் திறந்து வருகின்றனர். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-ல், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுதும் முதல் வகை நீரிழிவுடைய மாணாக்கர் சர்க்கரை மாத்திரை, பழம், சிறிதுண்டி, தண்ணீர் ஆகியவற்றைத் தேர்வுக்கூடத்திற்குக் கொண்டுவர இசைந்தது. 2023-ல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இப்பிள்ளைகளுக்கு வகுப்பிலும் தேர்விலும் சோதனைக்கும் ஊசிக்கும் உணவுக்கும் இடந்தருமாறு மாநிலங்களுக்கு எழுதிற்று. உத்தரப் பிரதேச அரசு அவ்வாண்டே ஆணை பிறப்பித்தது. ஆணை தாளில் இருந்தென்ன? கூடத்து வாயிலிற் பையைச் சோதிக்கும் மேற்பார்வையாளர் அதனைப் படித்திராவிட்டால் பிள்ளையின் குளுக்கோஸ் பொட்டலம் வெளியே நின்றுவிடும். தேர்வுக்கு ஒரு வாரம் முன்னரே வைத்தியர் சீட்டுடன் கூடத்துத் தலைவரைக் கண்டு பேசி வைப்பதே இப்பொழுதைக்கு உறுதியான வழி.

புதிதாக எழுந்துள்ள வேறொரு சிக்கலும் உளது. தோலில் ஒட்டிய சிறு உணரி, சில நிமிஷத்துக்கு ஒருமுறை சர்க்கரையின் அளவைக் கைப்பேசிக்கு அனுப்புகின்றது. விரலைக் குத்தும் வேதனை இதனாற் பெரிதும் குறைந்தது. தாழ்நிலை நெருங்குமுன்னரே அது ஒலித்து எச்சரிக்கும். விலை மிகுதியாதலின் எல்லார்க்கும் எட்டுவதன்று. எட்டியவர்க்கோ, கைப்பேசி கொண்டுவரலாகாது என்னும் பாடசாலை விதி குறுக்கே நிற்கின்றது. அவ்விதி நல்ல விதி; ஆயினும் கண்ணாடி அணிபவனிடமிருந்து கண்ணாடியை வாங்கி வைப்பாரில்லை. இக்கருவிக்குரிய கைப்பேசியை உபாத்தியாயர் மேசைமேல் ஒலி கேட்கும்படி வைத்தால் விதியும் நிற்கும், பிள்ளையும் நிற்பான்.

இறுதியாக விடுதியிற் கற்போரைக் குறித்து. பகலில் நெடுநேரம் ஓடியாடிய உடம்பு இரவிலும் இரத்தத்தினின்று சர்க்கரையை ஈர்த்துக்கொண்டே இருக்கும். ஆதலால் விளையாட்டு விழாவன்று இல்லாத தாழ்நிலை அன்றிரவு உறக்கத்தில் வருதல் கூடும். உறங்கும் பிள்ளை தன் நடுக்கத்தை அறியான். அத்தகைய நாட்களிற் படுக்குமுன் சோதித்துச் சிறிது பாலும் ரொட்டியும் கொடுத்து, வைத்தியர் சொன்னபடி இரவு ஊசியின் அளவைக் குறைத்து, விடுதிக் காப்பாளர் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ விளக்கை ஏந்திச் சென்று விரலில் ஒரு துளி எடுத்துப் பார்த்து வருதல் வேண்டும். நன்கு வியர்த்திருந்தால் எழுப்பிக் குளுக்கோஸ் நீர் கொடுத்து, கால்மணி நேரம் கட்டிலருகே இருந்து, மறுபடி பார்த்துவிட்டுத் தம் அறைக்குத் திரும்பலாம்.